ஐ, கியூ கூறுகளும் அடங்க மறுத்த பிம்பமும்: ஒரு 7 மெகாஹெர்ட்ஸ் ஏற்பியின் செய்முறைப் பதிவு

ஆனி மாதம் தொடங்கிய ஒரு சிறு வேலை ஐப்பசி மழை வரை நீண்டது. கடலூரில் தேவனாம்பட்டினம் செல்லும் சாலையை ஒட்டிய என் வீட்டு மாடி அறையில், 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஹாம் எனப்படும் தன்னார்வ வானொலிப் பட்டையைக் கேட்பதற்காக ஒரு நேரடி மாற்று ஏற்பியை, அதாவது வானொலி அலையை ஒரே படியில் கேட்கும் ஒலியாக மாற்றும் கருவியை, அமைத்தேன். ஆன்டெனாவிலிருந்து வரும் சைகையை ஒத்த கட்டக் கூறு, அதற்கு 90 பாகை விலகிய செங்கட்டக் கூறு என்று இரண்டாகப் பிரித்துக் கணினிக்குக் கொடுப்பதே திட்டம் (கட்டம் என்பது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது). இத்துறையில் இருப்பவர்கள் இவற்றை ஐ என்றும் கியூ என்றும் அழைப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். இரண்டு கூறுகளை உண்டாக்குவது ஒரு மாலை நேர வேலைதான். அவை உண்மையிலேயே 90 பாகை விலகியும் சம அளவிலும் இருக்கும்படி செய்வதற்குத்தான் ஐந்து மாதங்கள் பிடித்தன.

இரண்டு கூறுகள் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏற்பிக்குள்ளேயே அலையை உண்டாக்கும் உள் அலையியற்றி 7.100 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது என்று கொள்வோம். 7.103 மெகாஹெர்ட்ஸில் ஒரு நிலையமும் 7.097 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு நிலையமும் இருந்தால், வரும் அலையையும் உள் அலையையும் கலந்து வேறுபாட்டைத் தரும் கலப்பியிலிருந்து இரண்டுமே 3 கிலோஹெர்ட்ஸ் ஒலியாகத்தான் வெளிவரும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்த பிறகு எது மேலிருந்து வந்தது, எது கீழிருந்து வந்தது என்று எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. மாசி மகத்தன்று எங்கள் கடற்கரையில் சுழலும் குடை ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓர் இருக்கையில் மட்டும் விளக்கு எரிகிறது. இரவில் தொலைவில், ராட்டினத்தின் மட்டத்திலேயே நின்று பார்க்கிறோம். விளக்கு இடமும் வலமுமாகப் போய் வருவது தெரியுமே தவிர, ராட்டினம் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பது தெரியாது. முதலாமவருக்குச் செங்கோணத்தில் இன்னொருவர் நின்று அதே நேரத்தில் பார்த்து, இருவரும் கண்டதை ஒப்பிட்டால் திசை தெரிந்துவிடும். முதலாமவர் காண்பது ஐ, இரண்டாமவர் காண்பது கியூ. மேலிருந்து வரும் சைகை ஒரு திசையில் சுற்றும், கீழிருந்து வருவது எதிர்த்திசையில் சுற்றும். இரண்டாமவர் சரியான செங்கோணத்தில் நிற்காமலோ, அவர் காணும் அளவு முதலாமவருடையதிலிருந்து வேறுபட்டோ இருந்தால், ஒரு பக்கத்துச் சைகையின் மங்கலான நகல் மறுபக்கத்தில் தோன்றும். அதைத்தான் பிம்பம் என்கிறோம்.

இந்த எண்ணம் பழையது. ஒற்றைப் பக்கப்பட்டையை (நடு அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை) உண்டாக்க 90 பாகை விலகிய இரண்டு பாதைகளைப் பயன்படுத்தும் முறைக்கு ரால்ஃப் ஹார்ட்லி 1928-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். அன்றைக்கு எல்லாவற்றையும் சுருள்களாலும் மின்தேக்கிகளாலுமே செய்ய வேண்டியிருந்தது. நானும் அந்த வழியில்தான் தொடங்கினேன்.

முதல் அமைப்பில் உள் அலையியற்றியின் 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையை இரண்டு கிளைகளாகப் பிரித்தேன். ஒரு கிளையில் மின்தடைக்குப் பின் மின்தேக்கி தரைக்கு, மற்றதில் மின்தேக்கிக்குப் பின் மின்தடை தரைக்கு. முதலாவது அலையை 45 பாகை பின்தள்ளும், இரண்டாவது 45 பாகை முன்தள்ளும். 220 ஓமும் 100 பிக்கோபாரட்டும் சேர்ந்தால் இரண்டு கிளைகளின் அளவும் சமமாகும் அதிர்வெண் 7.23 மெகாஹெர்ட்ஸ், என் தேவைக்கு அது போதுமான நெருக்கம். இரண்டு கிளைகளின் உறுப்புகளும் முற்றிலும் ஒத்திருந்தால், கட்ட வேறுபாடு எல்லா அதிர்வெண்களிலும் 90 பாகையாகவே இருக்கும், அளவு மட்டுமே மாறும் என்பது இந்த அமைப்பின் அழகு. ஆனால் "முற்றிலும் ஒத்திருந்தால்" என்ற நிபந்தனையில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. நான் போட்டிருந்த பீங்கான் வட்டு மின்தேக்கிகள் இரண்டையும் கழற்றி அளந்தபோது ஒன்று 93, மற்றது 108 பிக்கோபாரட். இந்த வேறுபாடு ஒன்றே கட்டத்தில் 4 பாகைக்குச் சற்று அதிகமான பிழையைத் தரும். பிம்பத்தை 28 டெசிபெல்லுக்குக் கீழே தள்ள முடியாது. சைகையின் வலிமையைக் குறிக்கும் எஸ் அளவுகோலில் எஸ்9 அளவில் கேட்கும் ஒரு நிலையத்தின் பிம்பம் எஸ்4 அளவில் மறுபக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும் என்று பொருள். போதாக்குறைக்கு, அடுத்து வரும் டையோடு கலப்பிகள் இந்தக் கிளைகள்மீது சுமையை ஏற்றி, காகிதத்தில் போட்ட கணக்கை மேலும் குலைத்தன.

பிழையை அளக்க, நான் பணிபுரியும் தொழிற்பயிற்சிக் கூடத்திலிருந்து வார இறுதிக்காக, அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் இரட்டைத் தட ஆசிலாஸ்கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். ஐ ஒலியைக் கிடை அச்சுக்கும் கியூ ஒலியைக் குத்து அச்சுக்கும் கொடுத்தால், சரியான அமைப்பில் திரையில் வட்டம் வரையப்படும். வட்டம் நேராக நின்று ஒரு பக்கம் நீண்டால் அளவில் பிழை. சாய்ந்த நீள்வட்டமானால் கட்டத்தில் பிழை. இதைவிடத் தெளிவாகப் பேசும் சோதனையை நான் அறியேன். சிறு திருகு மின்தேக்கி ஒன்றைச் சேர்த்து, ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து அழகான வட்டத்தைக் கொண்டுவந்துவிட்டேன். மறுநாள் காலை ஈரமான கடற்காற்று அறைக்குள் நிறைந்திருந்த நேரத்தில் மின்னிணைப்பைக் கொடுத்தபோது நீள்வட்டம் மறுபடியும் சாய்ந்து நின்றது. திருகிச் சரிசெய்த ஒன்றை நாள்தோறும் திருகவேண்டியிருந்தால் அது கருவி ஆகாது என்று முடிவு செய்து அந்தப் போர்டை ஒதுக்கி வைத்தேன்.

இரண்டாவது வழி எண்ணும் வழி. வேண்டிய அதிர்வெண்ணின் நான்கு மடங்கில் ஒரு கடிகார அலையை உண்டாக்கி, ஒவ்வொரு துடிப்பிலும் தன் உள்ளீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் டி வகை ஃபிளிப்-ஃபிளாப்புகள் இரண்டை வளையமாக இணைத்தால், நான்கு கடிகாரத் துடிப்புகளுக்கு ஒரு முறை அவை முழுச் சுற்று வரும். முதல் ஃபிளிப்-ஃபிளாப்பின் வெளியீடு இரண்டாவதின் உள்ளீட்டுக்கும், இரண்டாவதின் தலைகீழ் வெளியீடு முதலாவதின் உள்ளீட்டுக்கும் போகும். இதற்கு ஜான்சன் எண்ணி என்று பெயர். இரண்டு வெளியீடுகளும் ஒரு கடிகாரத் துடிப்பு விலகி, அதாவது கால் சுற்று விலகி நிற்கும். ஏறும் விளிம்பு மட்டுமே கணக்கில் வருவதால், கடிகார அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் சமமாக இல்லாவிட்டாலும் கவலையில்லை. மின்தேக்கியின் வயதோ அறையின் ஈரப்பதமோ 90 பாகையைத் தொட முடியாது. எஸ்ஐ5351ஏ என்ற அலையியற்றிச் சில்லை 28.4 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டு, 74ஏசி74 சில்லால் நான்கால் வகுத்து 7.1 மெகாஹெர்ட்ஸ் எடுத்தேன். அதே அலையியற்றிச் சில்லுக்குள்ளேயே இரண்டு வெளியீடுகளை 90 பாகை தள்ளி வைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அதன் உள் அலை 600 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையக் கூடாது, கட்டப் பதிவேட்டில் 127-க்கு மேல் எழுத முடியாது என்பதால், அந்த வழியில் 4.8 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே போக இயலாது. பின்னால் 3.5 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் எனக்கு வேண்டும் என்பதால் ஃபிளிப்-ஃபிளாப்புகளைத் தேர்ந்தேன்.

இங்கே ஒரு நாள் வீணானது. 74ஏசி74-ஐ 5 வோல்ட்டில் இயக்கினேன். அலையியற்றிச் சில்லோ 3.3 வோல்ட் துடிப்பையே தரும். ஏசி குடும்பச் சில்லுகள் மின்வழங்கியின் 70 விழுக்காட்டை எட்டினால்தான் உள்ளீட்டை உயர்நிலை என்று உறுதியாக ஏற்கும். 5 வோல்ட்டுக்கு அது 3.5 வோல்ட். சில நேரம் எண்ணியது, சில நேரம் துடிப்பைத் தவறவிட்டது. 74ஏசி74-ஐயும் 3.3 வோல்ட்டுக்கு மாற்றியதும் நிலைத்தது. அடுத்து வரும் எஃப்எஸ்டி3253 சாவிச் சில்லு 5 வோல்ட்டில் இயங்கினாலும் கட்டுப்பாட்டு முனையில் 2 வோல்ட்டையே உயர்நிலையாக ஏற்பதால் அங்கே இடைஞ்சல் வரவில்லை.

அந்தச் சாவிச் சில்லுதான் கலப்பியின் வேலையைச் செய்கிறது. டேன் டெய்லோ என்பவர் 2001-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், ஆன்டெனா சைகை ஒவ்வொரு சுற்றிலும் நான்கு மின்தேக்கிகளுக்கு முறைவைத்துக் கொடுக்கப்படுகிறது. கிணற்றடியில் ஒரே குழாயை நான்கு குடங்களுக்கு மாற்றி மாற்றித் திருப்புவது போல, முதல் கால் சுற்று முதல் மின்தேக்கிக்கு, அடுத்த கால் சுற்று அடுத்ததற்கு என்று போகும். 0 பாகைக்கும் 180 பாகைக்கும் உரிய மின்தேக்கிகளின் வேறுபாட்டை ஒரு செயல்பாட்டுப் பெருக்கி எடுத்தால் அது ஐ. 90-க்கும் 270-க்கும் உரியவற்றின் வேறுபாட்டை மற்றொன்று எடுத்தால் அது கியூ. ஒவ்வொரு மின்தேக்கியும் 22 நானோபாரட். 50 ஓம் ஆன்டெனாவோடும் சாவியின் 5 ஓம் அளவிலான உள்தடையோடும் சேர்ந்து, நடுவிலிருந்து இரு பக்கமும் ஏறத்தாழ 33 கிலோஹெர்ட்ஸ் வரை இது திறந்திருக்கும். இந்த அமைப்பு மூன்று மடங்கு அதிர்வெண்ணையும் மூன்றில் ஒரு பங்கு வலிமையோடு உள்ளே விட்டுவிடும். 7.1-இன் மூன்று மடங்கான 21.3 மெகாஹெர்ட்ஸும் ஹாம் பட்டைதான் என்பதால், முன்னால் ஒரு பட்டை வடிகட்டியைப் போடாமல் இதை இயக்கவே கூடாது.

சோதனைக்கு அசையாத ஒரு சைகை வேண்டும். பழைய கணினித் தாய்ப்பலகையிலிருந்து எடுத்த 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை இயக்கி, இரண்டால் வகுத்தால் 7.15909 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது. பட்டைக்குள் நன்றாகவே விழுகிறது. அதைப் பலமாகத் தணித்து ஏற்பிக்குக் கொடுத்து, உள் அலையியற்றியை மேலும் கீழும் நகர்த்தினால், நடுவிலிருந்து வேண்டிய தொலைவில் சைகையை வைத்துப் பிம்பத்தை அளக்கலாம். விலையுயர்ந்த சைகை உற்பத்திக் கருவி இல்லாதவர்களுக்கு இந்த வழியை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்றை வாங்கி, ஐ-யை இடப்பக்கத்திலும் கியூ-வை வலப்பக்கத்திலும் கொடுத்துக் கணினியில் அலைமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் படத்தை) பார்த்தபோது, நடுவுக்கு மேலே 5 கிலோஹெர்ட்ஸில் ஒரு கோடும், கீழே 5 கிலோஹெர்ட்ஸில் அதே உயரத்தில் மற்றொரு கோடும் நின்றன. பிம்பம் ஒரு டெசிபெல்கூடத் தணியவில்லை. கணினி நிரலை எழுதித் தந்தவள் பொறியியல் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள். திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, பிழை இருந்தா பிம்பம் கொஞ்சமாவது வேற உயரத்துல இருக்கணும். இது அச்சு அசலா ஒண்ணா இருக்கே. ரெண்டு பக்கமும் ஒரே சிக்னல்தான் வருதோ?" என்று கேட்டாள். ஒரு பக்கத்துக் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தோம். இரண்டு தடங்களிலும் அதே அலை இருந்தது. மலிவான யுஎஸ்பி ஒலி அட்டைகள் பலவற்றில் இருப்பது மைக்குக்கான ஒற்றைத் தட உள்ளீடுதான். கணினி அதையே இரண்டாகக் காட்டிவிடுகிறது. பொருளின் மீது ஸ்டீரியோ என்று அச்சிட்டிருப்பது ஒலி வெளியேறும் பக்கத்தைக் குறித்தது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் மூத்த வானொலி அன்பர் ஒருவர், உண்மையான இரட்டைத் தட உள்ளீடு கொண்ட ஒலி அட்டையை இரவல் தந்தார். கடலூருக்குப் பேருந்து ஏறும்போது, "போர்டுல மாட்டுறதுக்கு முன்னால இதை மட்டும் தனியா சோதிங்க தம்பி. ஒரு பக்கம் மட்டும் ஒலி கொடுத்து, மறுபக்கம் அமைதியா இருக்கான்னு பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். ஆவலில் அந்தச் சொல்லைக் கேட்காமல் நேரே மாட்டினேன். இரண்டு கோடுகளும் பழையபடியே ஒரே உயரத்தில் நின்றன. இரவல் அட்டையும் அப்படிப்பட்டதுதானோ என்ற ஐயத்தில் இரண்டு நாள் கழிந்தது. பிறகு பெரியவர் சொன்னபடி அதைத் தனியாகச் சோதித்தேன். அட்டையில் குறையே இல்லை.

ஆசிலாஸ்கோப்பை மறுபடியும் கொண்டுவந்து ஐ-யையும் கியூ-வையும் இரு அச்சுகளுக்குக் கொடுத்தேன். வட்டமோ நீள்வட்டமோ வரவில்லை. 45 பாகையில் சாய்ந்த ஒரு நேர்கோடு வந்தது. போர்டிலிருந்து வெளிவரும்போதே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

காரணத்தைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் கண்டேன். ஜான்சன் எண்ணி 0, 1, 2, 3 என்று வரிசையாக எண்ணுவதில்லை. அதன் இரண்டு வெளியீடுகளும் 00, 01, 11, 10 என்று மாறும். ஒரு நேரத்தில் ஒரு கம்பி மட்டுமே மாறும் வரிசை அது. ஆகவே சாவிச் சில்லு தன் நான்கு வாய்களை முதலாவது, இரண்டாவது, நான்காவது, மூன்றாவது என்ற முறையில் திறக்கிறது. நானோ முதல் வாயையும் மூன்றாம் வாயையும் 0, 180 பாகை என்று கருதி ஒரு பெருக்கிக்கும், இரண்டாவதையும் நான்காவதையும் மற்றொன்றுக்கும் கொடுத்திருந்தேன். உண்மையில் முதல் பெருக்கிக்கு 0-உம் 270-உம், இரண்டாவதற்கு 90-உம் 180-உம் போயிருந்தன. கணக்கிட்டால் முதலாவது வெளியீடு கோசைன் கழித்தல் சைன், இரண்டாவதும் அதேதான். ஒற்றைத் தட ஒலி அட்டை எந்த அறிகுறியைக் காட்டுமோ, அதே அறிகுறியை இந்தத் தவறும் அப்படியே காட்டும். இரண்டு தவறுகளும் ஒருசேர இருந்ததால், ஒன்றை நீக்கியும் திரையில் எதுவும் மாறவில்லை. மூன்றாம் வாயின் கம்பியையும் நான்காம் வாயின் கம்பியையும் இடம் மாற்றிப் பற்றவைத்ததும் நேர்கோடு விரிந்து வட்டமானது. இதைச் செய்பவர்கள் சில்லின் கால்களுக்கு எண் எழுதுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு வாய்க்கும் எத்தனை பாகை என்பதையும் வரைபடத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அலைமாலை முதலில் மேல் கீழாக இருந்தது. இடத்தடத்தையும் வலத்தடத்தையும் மாற்றியதும் சரியானது. 7 மெகாஹெர்ட்ஸில் பேச்சு கீழ்ப் பக்கப்பட்டையில் வருவதால், பேச்சு புரிகிறதா என்பதே அதற்குப் போதுமான சோதனை.

இதன்பின் பிம்பம் 33 டெசிபெல் தணிந்திருந்தது. ஒரு மாதத்துக்குப் பின் கண்ணில் பட்ட முதல் நல்ல எண் அதுதான்.

மீதியை எங்கே தேடுவது? முதலில் என் ஐயம் கம்பிகளின் நீளத்தின் மேல் இருந்தது. 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒரு பாகை என்பது 0.39 நானோ நொடி. போர்டில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தூரத்தை அலை அதற்குள் கடந்துவிடும். சாவிச் சில்லுக்குப் போகும் இரண்டு கட்டுப்பாட்டுக் கம்பிகளில் ஒன்று போர்டின் அடியில் வளைந்து சென்றது. ஆனால் வரைந்து பார்த்தால், ஒரு கட்டுப்பாட்டுக் கம்பி தாமதமானால் நான்கு வாய்களின் நடுப்புள்ளிகளும் ஒரே அளவு தள்ளிப்போகின்றன. அவற்றுக்கு இடையிலான 90 பாகை கெடுவதில்லை. மாறுவது வாய்கள் திறந்திருக்கும் நேரம்: இரண்டு சற்றுக் குறுகும், இரண்டு சற்று விரியும். அது அளவில் மிகச் சிறு வேறுபாட்டை உண்டாக்கும், அவ்வளவுதான். நேர்த்திக்காகக் கம்பிகளைச் சம நீளமாக்கினேன். எண்ணில் மாற்றம் தெரியவில்லை.

அப்போதுதான் ஊகத்தை விட்டுவிட்டுப் பிம்பத்தையே கேட்கலாம் என்று தோன்றியது. சைகையை நடுவிலிருந்து 2, 5, 10, 15 கிலோஹெர்ட்ஸ் தொலைவுகளில், மேலும் கீழுமாக வைத்து, ஒவ்வொரு இடத்திலும் பிம்பத்தை அளந்து நோட்டில் எழுதினேன். இந்த அட்டவணையை முதல் நாளிலேயே எடுத்திருக்க வேண்டும். இரண்டு தடங்களின் பெருக்கத்தில் (சைகையைப் பெரிதாக்கும் அளவில்) வேறுபாடு இருந்தால் பிம்பம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிற்கும். மின்தேக்கிகளில் வேறுபாடு இருந்தால் நடுவுக்கு அருகில் பிம்பம் சிறிதாகவும், விலக விலகப் பெரிதாகவும் இருக்கும். ஏனென்றால் நடுவுக்கு அருகில் 22 நானோபாரட்டா 24 நானோபாரட்டா என்பது சைகைக்குத் தெரியாது, ஓரத்தில்தான் தெரியும்.

என் அட்டவணையில் இரண்டும் கலந்திருந்தன. 33 டெசிபெல் என்ற எண் நடுவுக்கு அருகிலும் இருந்ததால், பெருக்கத்தை முதலில் கவனித்தேன். பெருக்கிகளின் மின்தடைகள் 5 விழுக்காடு கரித்தடைகள். இரண்டு தடங்களின் பெருக்கமும் 4 விழுக்காடு வேறுபட்டிருந்தது. அந்த வேறுபாடு ஒன்றே பிம்பத்தை 34 டெசிபெல்லில் நிறுத்திவிடும். 1 விழுக்காடு உலோகப் படலத் தடைகளை வாங்கி, அவற்றிலும் மல்டிமீட்டரால் அளந்து இணை சேர்த்துப் போட்டேன். 2 கிலோஹெர்ட்ஸில் பிம்பம் 47 டெசிபெல்லுக்கு இறங்கியது. 15 கிலோஹெர்ட்ஸிலோ இன்னும் 33.

அக்கா மகள் மென்பொருளிலேயே மீதியைத் திருத்திவிடலாம் என்றாள். முறை எளியது. இரண்டு தடங்களிலிருந்தும் சராசரியைக் கழித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் நடுவில் நிற்கும் நேர்மின் அளவு கணக்கைக் கெடுக்கும். பிறகு ஒரு நொடிக்கான ஐ-இன் வர்க்கக் கூடுதல், கியூ-இன் வர்க்கக் கூடுதல், ஐ-கியூ பெருக்கற்பலன்களின் கூடுதல் ஆகிய மூன்றையும் எடுக்க வேண்டும். சரியான செங்கோணத்தில் இருந்தால் மூன்றாவது கூடுதல் பூச்சியமாக இருக்க வேண்டும். அது பூச்சியம் இல்லையென்றால், கியூ-வுக்குள் எவ்வளவு ஐ கலந்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. அந்த அளவைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை ஐ-இன் அளவுக்குச் சமன் செய்தால் போதும். "இது நாங்க கணக்குல படிச்ச கிராம்-ஷ்மிட்தான் மாமா" என்றாள். வகுப்பில் படித்தது மேசைமேல் வேலை செய்வதைப் பார்க்கும் மகிழ்ச்சி அவள் முகத்தில் தெரிந்தது.

ஆனால் சோதனைச் சைகையை 2 கிலோஹெர்ட்ஸில் வைத்துத் திருத்தினால் 15-இல் பிம்பம் அப்படியே இருந்தது. 15-இல் வைத்துத் திருத்தினால் அங்கே பிம்பம் மறைந்து, 2-இல் தலைகாட்டியது. தலைக்கு இழுத்தால் காலுக்குப் பற்றாத போர்வையாக இருந்தது அந்தத் திருத்தம். அதைவிடப் பயனுள்ள குறிப்பு ஒன்றும் கிடைத்தது: நடுவுக்கு மேலே 15 கிலோஹெர்ட்ஸில் கண்ட திருத்தத்தை வைத்துக்கொண்டு, கீழே 15 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் பிம்பம் திருத்தத்துக்கு முன் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. அலையியற்றியின் 90 பாகையில் பிழை இருந்தால், திருத்தத்தின் குறி மேலும் கீழும் ஒன்றாகவே இருக்கும். தடங்களுக்குப் பின்னால் உள்ள மின்தேக்கிகள் ஒவ்வாமல் இருந்தால்தான் மேலே கூட்டல், கீழே கழித்தல் என்று குறி மாறும். என் 90 பாகை சரியாகவே இருந்தது என்பதற்கும், குற்றம் 22 நானோபாரட் மின்தேக்கிகளில் இருந்தது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான்கையும் கழற்றி அளந்தேன். ஐ பக்கத்து இணைக்கும் கியூ பக்கத்து இணைக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு வேறுபாடு. இருபது பாலியெஸ்டர் மின்தேக்கிகளை வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, அரை விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகும் நான்கைப் பொறுக்கினேன். பற்றவைப்பின் சூட்டில் மதிப்பு தற்காலிகமாக மாறும் என்பதால், ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அளந்தேன். 15 கிலோஹெர்ட்ஸிலும் பிம்பம் 45 டெசிபெல்லுக்குப் போனது. அதன்மேல் மென்பொருள் திருத்தத்தைப் போட்டதும், பட்டை முழுவதிலும் 57 டெசிபெல்லுக்குக் குறையவில்லை.

இத்துடன் பதிவை முடித்திருப்பேன். ஆனால் ஐப்பசியில் நான்கு நாள் தொடர்மழைக்குப் பின், ஒரு மாலை பிம்பம் மறுபடியும் காதில் கேட்டது. திருத்தத்தை நிறுத்திவிட்டு அட்டவணையை எடுத்தேன். 2 கிலோஹெர்ட்ஸிலும் 15 கிலோஹெர்ட்ஸிலும் ஒரே அளவு, ஏறத்தாழ 30 டெசிபெல். ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தது. எல்லா இடத்திலும் ஒரே அளவென்றால் பெருக்க வேறுபாடு; அதுவும் நிலையில்லாமல் மாறுகிறதென்றால், அது மின்தடையாக இருக்க முடியாது, எங்கோ ஒரு தொடுமுனையாகத்தான் இருக்க வேண்டும். போர்டைத் தொடாமல் ஒலி அட்டைக்குப் போகும் ஸ்டீரியோ முளையை உருவிப் பார்த்தேன். கடற்கரையிலிருந்து இவ்வளவு அருகில் வசிப்பவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல: பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, அதிலும் வலத்தட வளையத்தில் அதிகமாக. தேடத் தொடங்கிப் பத்தே நிமிடத்தில் குறையைக் கண்டுபிடித்துவிட்டேன்.

முளையை வெட்டியெறிந்து, வலையுறை போட்ட கம்பியை ஒலி அட்டையின் உள்ளேயே நேரடியாகப் பற்றவைத்தேன். போர்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவி, பற்றுப்பசையின் மிச்சத்தை நீக்கி, இரண்டு முறை வார்னிஷ் பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்தேன். 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தையும் அதே டப்பாவின் ஒரு மூலையில் தனித் தடுப்புக்குள் நிரந்தரமாகப் பொருத்தி, வெளியே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டு, 2-இலும் 15-இலும் மேலும் கீழும் பிம்பத்தை அளந்து நோட்டில் எழுதுகிறேன். கார்த்திகையில் திருத்தம் இல்லாமல் 46, 45, 47, 44 டெசிபெல். மார்கழியிலும் அதே எண்கள்தாம்.